ஹாஃப்கினின் கால்வழி

சென்ற ஆண்டு என் ஆராய்ச்சி மூன்று திங்கள் பின்னடைந்தது. காரணம், விரலளவுள்ள ஒரு கண்ணாடிக் குழாய். அதன்மேல் மையால் எழுதியிருந்த எண், மேசை துடைக்கும் சாராயம் பட்டு அழிந்துவிட்டது. நான் அதைக் கவனியாமல், பக்கத்துக் குழாயையே அதுவென்று எண்ணி, அதிலிருந்து எடுத்து வளர்த்து, அளந்து, கணக்கெழுதி, வரைபடமும் போட்டு முடித்துவிட்டேன். இரண்டு குழாயிலும் இருந்தது ஒரே நுண்ணுயிர்தான். உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் எள்ளளவும் வேற்றுமை தெரியாது. ஆயினும், ஒன்று ஒரு மருந்துக்கு அஞ்சாதது. மற்றொன்று அந்த மருந்து பட்டால் மடிவது. கடைசிச் சோதனையில் மருந்தை இட்டபோது எல்லாம் மடிந்துபோக, என் மூன்று மாத உழைப்பும் உடன் மடிந்தது.

அந்த வாரம் ஊரிலிருந்து தாத்தா தொலைபேசியில் பேசினார். குரல் சரியில்லையே, என்ன சங்கதி என்று கேட்டார். தாமிரவருணிக் கரையில் ஐம்பது ஆண்டு நெல் விளைவித்தவரிடம் என் துன்பத்தை எப்படிச் சொல்வது? வகை மாறிவிட்டது என்றேன். வேறு வகையென்றால் பார்த்தாலே தெரியாதா என்று கேட்டார். இல்லை தாத்தா, வகை ஒன்றுதான், ஸ்டிரெயின் வேறு என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லுக்குத் தமிழ் தெரியாமல் நின்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வழி கலந்துபோச்சு என்று சொல் என்றார். விதைநெல்லுக்கென்று ஒரு துண்டு வயலை ஒதுக்கி, கதிர் முற்றுமுன் வரப்பில் நடந்து நடந்து வேற்றுக் கதிர்களைப் பிடுங்கி எறிந்து, அறுத்ததைத் தனியே குலுக்கையில் போட்டு மூடி வைப்பது அவர் வழக்கம். ஊர் முழுவதும் ஒரே பெயருள்ள நெல்தான் விளையும். ஆனால் தாத்தா வீட்டு வழி என்று கேட்டு வாங்கிப் போவார்கள்.

செய்தித்தாள்களில் இந்த ஆங்கிலச் சொல்லுக்குத் திரிபு என்று எழுதுகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் நாம் அனைவரும் படித்த சொல். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. திரிபு என்றால் எதிலிருந்தோ கெட்டுப்போனது என்று தொனிக்கிறது. கால்வழி என்று ஒரு நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. சந்ததி, மரபு என்று பொருள். ஓர் உயிரிலிருந்து இறங்கி வந்த, தனக்கென ஒரு குணம் நிலைத்த, எங்கிருந்து வந்ததென்று வரலாறு தெரிந்த கூட்டம் எதுவோ அதுவே கால்வழி. நான் குழப்பிய இரண்டு குழாய்களும் கே-12 என்னும் கால்வழியின் கிளைகள். 1922-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில், டிஃப்தீரியாவிலிருந்து தேறிய ஒருவரின் குடலிலிருந்து எடுக்கப்பட்டது அது. நூறாண்டாகத் தட்டில் ஊட்டி வளர்க்கப்பட்டதில், மனிதக் குடலில் குடியேறும் திறமையையே இழந்துவிட்டது. தொழுவத்தில் கட்டிப்போட்ட மாடு காட்டை மறந்த கதைதான்.

சங்க மலருக்கு அறிவியலார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு செயலாளர் கேட்டபோது, இந்தக் குழாய் நினைவோடுதான் நான் பரேல் வழியாகப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு நிறுவனத்தின் வாயிலில் இருக்கும் பெயரை இந்நகரத் தமிழர்கள் பலரும் படித்திருப்பார்கள். பாம்புக்கடி மருந்து செய்யும் இடம் என்று மட்டும் சிலர் அறிவர். வால்டமார் ஹாஃப்கின் என்ற மனிதர் யார், அவர் இந்த ஊருக்கு என்ன செய்தார், இந்த நாடு அவருக்கு என்ன செய்தது என்பதை நானும் அண்மையில்தான் அறிந்தேன்.

அவர் 1860-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், கருங்கடற் கரையிலுள்ள ஒடெசா நகரில், யூத வணிகர் குடும்பத்தில் பிறந்தார். அந்நாளில் அது ரஷ்யப் பேரரசைச் சேர்ந்தது. இன்று உக்ரைனில் இருக்கிறது. ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்த மெச்னிக்காஃப் அவருடைய ஆசிரியர். 1881-இல் யூதர்மீது கலவரம் மூண்டபோது, தற்காப்புக்காகத் திரண்ட இளைஞரோடு நின்று அடிபட்டுச் சிறையும் சென்றார். ஆசிரியர் தலையிட்டதால் வெளியே வந்தார். பட்டம் பெற்றும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. மதம் மாறினால் கிடைக்கும் என்றார்கள்; அவர் மாறவில்லை. ஒடெசாவின் விலங்கியற் காட்சிச்சாலையில் சில ஆண்டுகள் கழித்துவிட்டு, 1888-இல் ஜெனீவாவுக்கும், அடுத்த ஆண்டு பாரிசுக்கும் சென்றார். பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்த வேலை நூலகப் பணி. பகலில் புத்தகம் அடுக்கியவர், ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி மேசைக்குப் போனார். பாரமீசியம் என்னும் ஓரணு உயிருக்குள் ஒட்டி வாழும் ஒரு கிருமியைப்பற்றி 1890-இல் அவர் எழுதியதை இன்றும் அத்துறையினர் படிக்கின்றனர்.

பிறகு காலராவுக்கு வந்தார். இங்கேதான் கால்வழி என்ற சொல்லின் முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது. ஆகவே சற்று நின்று சொல்கிறேன்.

காலராக் கிருமியை 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் உறுதி செய்துவிட்டார். ஆனால் அக்கிருமியைக் கொண்டு தடுப்பு மருந்து செய்ய முயன்றவர்களுக்கு ஒரு தொல்லை. ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தது கடுமையாக இருக்கும், மற்றொருவரிடமிருந்து எடுத்தது மந்தமாக இருக்கும். இன்று கடுமையாக இருப்பது, தட்டில் சில வாரம் வளர்ந்தபின் நோயே தராமல் போகும். பெயர் ஒன்று, குணம் பல. இப்படி நாளுக்கொரு குணமாக இருப்பதை எப்படி அளந்து ஒரு மனிதனுக்குள் செலுத்துவது? நேற்றைய அளவு இன்று கொல்லலாம், அல்லது ஒன்றும் செய்யாமல் விடலாம்.

வெறிநாய்க்கடிக்குப் பாஸ்டர் கண்ட வழி ஹாஃப்கினுக்கு எதிரிலேயே இருந்தது. நோய்ப்பொருளை முயலிலிருந்து முயலுக்கு மாற்றி மாற்றிச் செலுத்தினால், ஒரு கட்டத்தில் அதன் வேகம் ஏறவும் இறங்கவும் செய்யாமல் நிலைத்துவிடும். ஹாஃப்கின் அதைக் காலராவுக்குக் கொண்டுவந்தார். கினிப்பன்றியின் வயிற்றறைக்குள் கிருமியைச் செலுத்துவார். அது இறந்ததும் அங்கே ஊறிய நீரை எடுத்து, சில மணி நேரம் காற்றுப்பட வைத்து, அடுத்த கினிப்பன்றிக்குச் செலுத்துவார். இப்படி 39 முறை. முடிவில் முதலில் இருந்ததைப்போல் 20 மடங்கு கடுமை ஏறி, அந்தக் கடுமை மாறாமல் நின்ற ஒரு கால்வழி அவர் கையில் இருந்தது. மறுபுறம், அதே கிருமியை 39 பாகை வெப்பத்தில், இடையறாது காற்றைச் செலுத்தி வளர்த்து, வலுவிழந்த ஒரு கால்வழியையும் உண்டாக்கினார். முதலில் மெலிந்ததைப் போட்டு உடலைப் பழக்குவது, சில நாள் கழித்துக் கடுமையானதைப் போடுவது என்பது அவர் முறை.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை இரண்டு வீட்டில் வளர்த்து ஒன்றைச் சாதுவாகவும் ஒன்றை முரடாகவும் ஆக்கியதுபோலத் தோன்றும். ஆனால் உள்ளே நடந்தது வளர்ப்பு மட்டுமன்று. கோடிக்கணக்கில் பெருகும் கிருமிகளுள் ஆங்காங்கே மாறிப் பிறந்தவை இருக்கும். அவற்றுள் அந்தச் சூழலுக்கு ஏற்றவை மிஞ்சும், மற்றவை தேயும். தாத்தா வயலில் கதிர் பிடுங்கியதைக் கினிப்பன்றியின் வயிறு செய்தது. டி.என்.ஏ. என்றொரு சொல் அறியாத காலத்தில், கைப்பழக்கத்தாலும் பொறுமையாலும் செய்த வேலை இது.

1892 சூலை 18-ஆம் நாள் அந்த மருந்தை முதன்முதலில் தமக்கே ஊசி போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போயிற்று. பின்னர் நண்பர் சிலரும் முன்வந்தனர். ஆனால் நல்ல உடம்பில் காய்ச்சல் வந்து போனதால் மருந்து பலித்தது என்று ஆகாதே! காலரா உள்ள இடத்தில் அல்லவா பார்க்க வேண்டும்? இந்தியாவில் வைசிராயாக இருந்து, அப்போது பாரிசில் பிரிட்டிஷ் தூதராக இருந்த டஃபரின் பிரபு, இந்தியாவுக்குப் போகும்படி வழிகாட்டினார். 1893 மார்ச்சில் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்திறங்கினார்.

ஆக்ராவில் தொடங்கி, வட இந்தியப் பட்டாளங்களிலும் ஊர்களிலும் கட்டாயமின்றி விரும்பி வந்தோர்க்கு மட்டும் போட்டார். 1895-க்குள் 42,000 பேருக்குமேல் போட்டாயிற்று. எனக்கு அந்தப் பெருந்தொகையைவிடக் கல்கத்தாவின் காட்டால் பாகன் என்ற ஒரு குடிசைப்பகுதியின் கணக்குத்தான் பிடித்திருக்கிறது. அங்கே ஏறத்தாழ 200 பேர். ஒரே குளத்து நீர், ஒரே சந்து. 116 பேர் போட்டுக்கொண்டார்கள். பின்னர் அங்கே காலரா வந்தபோது போட்டுக்கொள்ளாத வீட்டாரையே தாக்கியது. ஒரே இடத்தில் வாழும் இருசாராரை ஒப்பிட்டுத்தான் மருந்தின் பயனைச் சொல்லவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். நம் ஆய்வேடுகளில் இன்றும் இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் கையெழுத்துக் கிடைக்காது. மலேரியாவால் நலிந்து இங்கிலாந்து சென்ற ஹாஃப்கின், 1896-இல் மீண்டும் வந்தார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் புகுந்தது. இலட்சக்கணக்கான மக்கள் நகரைவிட்டு ஓடினர். அக்டோபரில் ஹாஃப்கின் இங்கே வந்தார். கிராண்டு மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் தாழ்வாரமும், எழுத்தர் ஒருவரும், ஏவலர் மூவரும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் மருந்தை உண்டாக்கினார்.

இம்முறை உயிருள்ள கால்வழியை அவர் நம்பவில்லை. கிருமியை இறைச்சிச் சாற்றில் வளர்த்து, சூட்டால் கொன்று, கார்பாலிக் அமிலம் சிறிது சேர்த்துப் போட்டார். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் மக்கள் மனத்தைப் புண்படுத்தும் என்று ஆட்டிறைச்சியைப் பயன்படுத்தினார். இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. சாற்றின்மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டார்! பிளேக் கிருமி அந்த நெய்த்துளியின் அடியில் பற்றிக்கொண்டு, குகைக் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைப்போல் நூல்நூலாகக் கீழே இறங்கி வளரும். குப்பியை அசைக்காமல் பார்த்தால், விழுது விழுதாக இருக்கிறதா, கலப்பு ஏதும் சேர்ந்து கலங்கியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். நம் வீட்டு அடுக்களை நெய் ஒரு கால்வழியின் தூய்மைக்குச் சான்று சொல்லிற்று.

1897 சனவரி 10-ஆம் நாள் தமக்கே போட்டுக்கொண்டார். மற்றவர்க்குப் போடப்போகும் அளவைவிடக் கூடுதலாக. அத்திங்கள் கடைசியில் பைக்குலாச் சிறையில் பிளேக் வந்தபோது, விரும்பிய கைதிகளுக்குப் போட்டார். போட்டுக்கொள்ளாத 172 பேரில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். போட்டுக்கொண்ட 147 பேரில் 2 பேருக்கு நோய் கண்டது, இறந்தவர் இல்லை. அரசாங்கத்தின் ஆட்கள் வீடுகளில் புகுந்து நோயாளிகளை இழுத்துப் போகிறார்கள் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. இளைஞராயிருந்த மூன்றாம் ஆகா கான் தம் சமூகத்தார் அஞ்சாதிருக்கத் தாமே ஊசி போட்டுக்கொண்டு, தம் மாளிகை ஒன்றையும் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். 1899 ஆகஸ்டில் ஆராய்ச்சிக்கூடம் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது. நான் பேருந்திலிருந்து பார்க்கும் கட்டடம் அதுவே.

இனி வருவதுதான் எழுதக் கை கூசும் பகுதி.

1902-இல் பஞ்சாபில் பிளேக் பரவி, பல இலட்சம் பேருக்கு மருந்து வேண்டுமென்று பரேலுக்கு அவசரம் அவசரமாகக் கேட்டார்கள். சாற்றில் வளர்ப்பது நாளாகும் வேலை. ஆகவே அகார்த் தட்டில் விரைவாக வளர்த்து, சூட்டால் மட்டும் கொன்று, கார்பாலிக் அமிலம் சேர்க்காமல் அனுப்பும் முறைக்கு ஹாஃப்கின் மாறினார். அக்டோபர் 30-ஆம் நாள் மல்கோவால் என்ற சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஐந்து குப்பிகள் திறக்கப்பட்டன. அவற்றுள் 53-என் என்று எண்ணிட்ட ஒரு குப்பியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேருக்கும் ஒரு வாரம் அளவில் தாடை இறுகியது. டெட்டனஸ் என்னும் இசிவு நோய். பத்தொன்பதின்மரும் இறந்தனர். மற்றக் குப்பிகளின் மருந்தைப் பெற்ற 88 பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அரசு விசாரணைக் குழு அமைத்தது. தவறு பரேல் கூடத்தில் நிகழ்ந்தது, கார்பாலிக் அமிலத்தை விட்டதே குற்றம் என்று குழு கருதியது. ஹாஃப்கின் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டார். 1904-இல் நாட்டைவிட்டுப் போனார்.

கால்வழி அறிந்தவன் இதை எப்படிப் பார்ப்பான்? டெட்டனஸ் கிருமி பிளேக்கின் திரிபு அன்று. உறவே இல்லாத அந்நியன். மண்ணில் வாழ்வது. அது பிளேக் குப்பிக்குள் எப்போது புகுந்தது என்பதே கேள்வி. பரேலிலேயே புகுந்திருந்தால், குப்பி மூடிக் கிடந்த நாளெல்லாம் பெருகி, திறந்தவுடன் நாறியிருக்க வேண்டும். நஞ்சும் ஏராளமாக ஊறியிருக்கும், நோய் இன்னும் விரைவில் கண்டிருக்கும். அப்படி நாற்றம் ஏதும் இல்லையென்று திறந்தவரே சொன்னார். மேலும், அன்று குப்பியைத் திறக்கையில் இடுக்கி மண்ணில் விழுந்தது என்றும், அதை உதவியாளர் கார்பாலிக் நீரில் அலசிவிட்டு அதனாலேயே தக்கையைப் பிடுங்கினார் என்றும் சாட்சியம் இருந்தது. மண்ணிலிருக்கும் டெட்டனஸ் வித்துகள் அந்த அலசலுக்கு அஞ்சுவன அல்ல. குழு வற்புறுத்திய சிறிதளவு அமிலம் குப்பியில் இருந்திருந்தாலும் அன்றைக்கே மடிந்திருக்கமாட்டா. இலண்டனின் லிஸ்டர் நிறுவனம் ஆராய்ந்ததும் இந்தப் பக்கமே சாய்ந்தது. கொசுவையும் மலேரியாவையும் இணைத்த ரொனால்டு ராஸ் வழக்கைக் கையிலெடுத்தார். 1907 சூலையில் பத்து அறிஞர் கையெழுத்திட்ட கடிதம் இலண்டன் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. அவ்வாண்டு இறுதியில் ஹாஃப்கின் மீதிருந்த பழி நீங்கியது. ஒடெசாவில் பிறந்த யூதர் என்பதும், மருத்துவப் பட்டம் இல்லாதவர் என்பதும் அவருக்கு எதிராக நின்றன என்று பலர் கருதினர். சிறிய டிரைஃபஸ் வழக்கு என்று பேசப்பட்டதும் அதனால்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹாஃப்கினைப்பற்றிப் படித்தவற்றில் எல்லாரும் அவருக்காகவே கண்ணீர் விடுகிறார்கள். அந்தப் பத்தொன்பது பேரும் ஓர் எண்ணாகவே வந்து போகிறார்கள். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான். குற்றம் அவருடையது அன்று என்பதை நான் முழுவதும் ஏற்கிறேன். எனினும், புது முறைக்கு மாறுவதில் அவர் காட்டிய வேகம், வேறு யாராவது கேட்டிருந்தால் அவரே அனுமதித்திருக்கமாட்டார் என்றும் தோன்றுகிறது. 39 கினிப்பன்றிகளுக்குக் காத்திருந்த மனிதர் அல்லவா! நோய் காத்திருக்கவில்லை என்று அவர் சார்பில் சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

பழி நீங்கியதும் மீண்டும் இந்தியா வந்தார். ஆனால் பரேலை அவருக்குத் திருப்பித் தரவில்லை. கல்கத்தாவில் ஒரு கூடத்தில் இருத்தினார்கள். மக்களிடம் புதிய மருந்துகளைச் சோதிக்கும் பொறுப்புத் தரப்படவில்லை. 1915-இல், 55 வயதில் ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார். அதன்பின் ஆராய்ச்சி மேசைக்கு அவர் திரும்பவே இல்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. யூத சமயக் கல்விக்குத் தம் செல்வத்தை எழுதி வைத்தார். 1930 அக்டோபர் 26-ஆம் நாள் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். அதற்கு ஐந்து ஆண்டு முன்னரே, 1925-இல், பரேல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 1964-இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவத்தோடு தபால்தலை வெளியிட்டது.

அவர் வளர்த்த காலராக் கால்வழி இன்று பயன்பாட்டில் இல்லை. அவருடைய ஊசிகளைவிட நல்லவை வந்துவிட்டன. காலராவுக்கு இன்று வாய்வழி மருந்தே உண்டு. ஆனால் பிளேக்கில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. 1929-இல் இந்திய நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கிருமியிலிருந்து 195/பி என்ற கால்வழி நிலைநாட்டப்பட்டது. பின்னாளில் வியத்நாம் சென்ற அமெரிக்கப் படைவீரர்களின் கையில் ஏறிய, கொன்ற பிளேக் தடுப்பூசி அதிலிருந்து செய்யப்பட்டதே. காலராவும் சும்மா இருக்கவில்லை. 1992-இல் தென்னிந்தியாவிலும் வங்கத்திலும், முன்பு காலரா வந்து தேறிய முதியவர்களுக்கே மீண்டும் காலரா வந்தது. ஆராய்ந்தபோது, பழைய கிருமியின் மேலுறைக்குரிய மரபணுக்கள் மட்டும் மாறி, ஓ-139 என்ற புதிய வகை பிறந்திருப்பது தெரிந்தது. சட்டை மாற்றி வந்த பழைய பகைவனை உடம்பு அடையாளம் காணவில்லை. உருப்பெருக்கியில் அதுவும் அதே வளைந்த கிருமிதான்.

என் குழாயின் கதையையும் முடித்துவிடுகிறேன். வழிகாட்டிப் பேராசிரியர் கோபிக்கவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. அந்தக் கால்வழியை எங்களுக்கு முதலில் தந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கே எழுதிக் கேட்டோம். மூன்று வாரத்தில் பஞ்சில் பொதிந்த சிறு குழாய் ஒன்று வந்தது. அதோடு ஒரு தாள். அது எந்தக் கால்வழியின் எத்தனையாவது கிளை, யார் யார் கையில் வளர்ந்தது, எந்தெந்த ஆண்டில் என்ன குணம் சேர்ந்தது என்று வரிசையாக எழுதியிருந்தது. கடைசி வரியில் நம் பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் கீழே என் பெயர். இப்போது மூன்று நகல் எடுத்து உறைகுளிரில் வைத்திருக்கிறேன். எண்ணை மையால் எழுதுவதில்லை. பென்சிலால் எழுதி மேலே ஒட்டுத்தாள் ஒட்டுகிறேன். தாத்தா கேட்டார், குலுக்கையை மூடினாயா என்று. மூடிவிட்டேன் என்றேன்.